கைராசியின் இடது கை

“மூஞ்சி சிவந்து கெடக்கு. மெஜந்தாவ இறக்கு.”

சொல்லிவிட்டு இடது உள்ளங்கையை மறுபடியும் தாளின்மேல் மல்லாத்தி வைக்கிறார். தாளில் ஒரு குழந்தை சோப்பு நுரைக்குள் உட்கார்ந்து சிரிக்கிறது. விளக்குப் பெட்டியின் வெள்ளை வெளிச்சத்தில் குழந்தையின் கன்னமும் இவருடைய உள்ளங்கையும் அக்கம்பக்கமாகக் கிடக்கின்றன. தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்க்கிறார். மறுபக்கம் சாய்த்துப் பார்க்கிறார். கண்ணை மூடிக்கொண்டு நின்று, குழந்தை எதிர்பாராத நேரத்தில் சட்டென்று திறந்து பார்க்கிறார். மெஷின்காரர் மை விடும் திருகுகளில் ஒன்றை மயிரிழை அளவுக்குத் திருப்பி, புதிதாக ஒரு தாளை உருவிக்கொண்டு வந்து போடுகிறார்.

“ஆங். இப்பத்தான் பிள்ளை பிள்ளையா இருக்கு. முன்னால வெந்நில விழுந்து எந்திரிச்ச மாதிரில்ல இருந்துச்சு!”

அச்சகத்தில் அவருக்குக் கைராசி என்று பெயர். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கே நான்கு மைகள்தான் இயந்திரத்தில் ஓடுகின்றன. உலகத்தில் உள்ள அத்தனை முகங்களையும் அந்த நான்கை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். சிவப்புக்கு அங்கே மெஜந்தா என்று பெயர். வெறும் சிவப்பு என்று சொன்னால் கைராசி நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஒரு மை கூடிவிட்டால் சிரிக்கிற ஆள் கோபமாகத் தெரிவார். இன்னொன்று குறைந்தால் உயிரோடு இருப்பவர் இல்லாமல் போனவர் மாதிரித் தெரிவார். அதெல்லாம் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கைராசியின் வேலை.

எங்கள் பத்திரிகை அச்சாவதும் அங்கேதான். அட்டைப்பட முகம் ஓடத் தொடங்குமுன் பத்திரிகையிலிருந்து ஒருவர் போய் நின்று சம்மதம் சொல்ல வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. சம்மதம் சொல்வது நான் என்று பெயர்தான். சொல்வதெல்லாம் அவருடைய இடது கை.

“மூஞ்சி ஆளுக்கு ஆள் மாறும், ஆசிரியரே. ஒருத்தர் கறுப்பு, ஒருத்தர் மாநிறம், ஒருத்தர் பவுடர். ஆனா உள்ளங்கை எல்லாருக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். உள்ளங்கை பொய் சொல்லாது.” நான் ஆசிரியர் இல்லை, உதவி ஆசிரியர்தான் என்று பலமுறை சொல்லிவிட்டேன். அவர் எனக்குத் தந்த பதவி உயர்வைத் திரும்பப் பெறுவதாக இல்லை.

இடது கைக்கு அவர் வீட்டிலும் வெளியிலும் கிடைக்கும் மரியாதை, அவருடைய மாமனாருக்குக்கூடக் கிடைத்ததில்லை. வலது கை மைக்கும் கிரீசுக்கும் பிறந்தது. நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போய்க் கிடக்கும். இடது கை வெயிலைப் பார்க்காது. ஸ்கூட்டர் ஓட்டும்போது அதற்கு மட்டும் ஒரு சாம்பல் நிற உறை. சோப்புத்தூள் பட்டால் தோல் வெளுத்துவிடும் என்று பாத்திரம் கழுவும் பக்கமே அதைக் கொண்டுபோக மாட்டார். “ரெண்டு கையும் இருக்குற ஆளுன்னுதான் எங்க வீட்டுல பாத்துக் கட்டி வச்சாங்க. வந்து பாத்தா ஒரு கை வேலைக்கு, ஒரு கை காட்சிக்கு” என்று அவர் மனைவி சொல்வார். தினமும் மதியச் சாப்பாட்டை அச்சகத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பவர் அந்த அம்மாள். மூக்குக் கண்ணாடி அவருடைய மூக்கின் நுனியிலேயே குடியிருக்கும். பக்கத்துக் கடையில் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைக்கிறார்.

மனிதர்களைக் கைராசி மனிதர்களாகப் பார்த்து நான் கண்டதில்லை. சண்டைக்கு வந்த காகித வியாபாரியைப் பார்த்து, “மெஜந்தா ஏறுது, உட்காருங்க, தண்ணி குடிங்க” என்றார். கொழுந்தியாளுக்குப் பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, எல்லோரும் மூக்கு யாருடையது, முழி யாருடையது என்று அடித்துக்கொண்டிருந்தபோது இவர் மட்டும், “எல்லாம் சரி, மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கே” என்றாராம். நர்ஸ் ஓடிவந்து பார்த்து, ஆமாம் என்று குழந்தையை விளக்குக்குக் கீழே படுக்க வைத்தார். அன்றிலிருந்து உறவு வட்டாரத்தில் அவர் பாதி டாக்டர். இந்தப் பெருமைதான் பின்னால் அவருக்கு எதிராகத் திரும்பியது.

பிரச்சினை கண்ணில் ஆரம்பித்தது. ஐம்பதைத் தொட்ட எல்லோருக்கும் வருவதுதான்: கிட்டத்தில் இருப்பது கலங்கியது. கைபேசியைப் பார்க்கக் கையை நீட்டினார். நாளாக ஆக இன்னும் நீட்டினார். ஒருகட்டத்தில் கை முடிந்துவிட்டது. அப்புறம் கைபேசியை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு நாலடி பின்னால் போய் நின்று படித்தார். மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது கேட்டால், “அதை அங்க புடிங்க. இன்னும் அங்க. கதவுகிட்ட போங்க” என்பார்.

கண்ணாடி போட்டுக்கொள் என்று சொல்லாத ஆள் இல்லை. அதற்கு அவரிடம் ஒரு தத்துவம் தயாராக இருந்தது. “கண்ணாடி போட்டு நிறம் பாத்தா, பாக்குறது கண்ணாடியா நானா? அப்புறம் கண்ணாடிக்குத்தான் சம்பளம் குடுக்கணும்.”

முதலாளியம்மா சிரிக்கவில்லை. அவர் அப்பாவிடமிருந்து அச்சகத்தை எடுத்துக்கொண்டவர். ஒவ்வொரு வீண் தாளும் அவர் கண்ணை உறுத்தும். நிறத்தை அளந்து எண்ணாகவே சொல்லிவிடும் சின்னக் கருவி ஒன்று இருக்கிறதாம். விற்பனைக்காரர் ஒருவர் வந்து காட்டிவிட்டுப் போயிருந்தார். “மாஸ்டர், நான் நேராவே சொல்லிடறேன். உங்க கண்ணு சரியில்லேன்னு எனக்குத் தெரிஞ்சா அந்தக் கருவிய வாங்கிடுவேன். உங்கள பைண்டிங் பக்கம் மாத்திடுவேன்” என்றார். பைண்டிங் பக்கம் என்றால் மேல்மாடி. பசை, ஊசி, மடித்த தாள். அங்கே எல்லாமே ஒரே நிறம்தான்: காகித நிறம்.

கைராசி அன்றைக்குச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. விளக்குப் பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் பத்திரிகையின் உடல்நலப் பக்கம் அச்சேறியது. ‘கண்ணுக்கு உயிர் வைட்டமின் ஏ’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு பளபளவென்று ஒரு கட்டு கேரட். கேரட்டின் நிறத்தைச் சரிசெய்தவரும் அவர்தான். ஆகவே அதை நெருங்கிப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு நிறையவே கிடைத்தது. தலைப்பைப் படித்தார். படத்தைப் பார்த்தார். கீழே பொடி எழுத்தில் முழுப் பக்கக் கட்டுரை இருந்தது. அது அவர் கண்ணுக்கு ஒரு சாம்பல் நிறக் கட்டமாகத்தான் தெரிந்தது. ‘சாம்பல் சீரா இருக்கு, ஓட்டு’ என்று சொல்லிவிட்டு நேரே காய்கறிக் கடைக்குப் போனார்.

அப்புறம் அச்சகத்தில் இயந்திரச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது. கடுக், முடுக். சட்டைப்பையில் பேனா இருந்த இடத்தில் கேரட். தாளை விரிப்பார், கையை வைப்பார், ஒரு கடி கடிப்பார், “மஞ்சள கொஞ்சம் ஏத்து” என்பார். வீட்டில் காலையில் சாறு, இரவில் வேகவைத்தது, நடுவில் பசித்தால் பச்சையாக. “நான் சமைக்கிறது மனுஷனுக்கா முயலுக்கான்னே தெரியல. இவர் பக்கத்துல உட்கார்ந்து டிவிகூடப் பாக்க முடியல, என்ன பேசுறாங்கன்னே கேக்க மாட்டேங்குது” என்று அவர் மனைவி என்னிடம் முறையிட்டார்.

“பார்வை எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“நேத்தைக்கு இன்னிக்கு தெளிவு” என்றார். சொல்லிவிட்டு என் கைக்கடிகாரத்தில் மணி பார்க்க என்னைக் கதவுக்கு அனுப்பினார்.

நாள் போகப் போக அவர் கேட்கும் மஞ்சள் கூடிக்கொண்டே வந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் எதையும் வீட்டில் இருப்பவர்கள் கவனிப்பதில்லையே! எங்கள் அட்டையில் வந்த பாடகி தொலைபேசியில் அழைத்து, “நான் நல்லாத்தானே இருக்கேன்? அம்மா அழுறாங்க” என்று கேட்டார். நாங்கள் புகைப்படக்காரரைத் திட்டினோம். புகைப்படக்காரர் கேமராவைத் திட்டினார். கேமரா வாயில்லாப் பிராணி, அதோடு விஷயம் அடங்கிப்போயிற்று.

அடங்காதவர் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. ஆண்டு மலரின் முதல் கட்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அச்சகத்துக்குள் நுழைந்தார். நான் அன்றைக்கு எங்கள் அட்டைக்காக அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

“எங்க பள்ளிக்கூடத்துல ஒருத்தர் விடாம எல்லாருக்கும் மஞ்சள் காமாலையா? பெத்தவங்க போன் மேல போன் போடறாங்க. எங்க சீருடை நீலம். இங்க பாருங்க, பாசி பிடிச்ச மாதிரி பச்சையா இருக்கு!”

கைராசி பதறவில்லை. மலரை வாங்கி விளக்குப் பெட்டியில் விரித்தார். உறையைக் கழற்றினார். இடது கையைக் கம்பீரமாக மல்லாத்தி, தலைமையாசிரியையின் புகைப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். “நீங்களே பாருங்கம்மா. அச்சு அசல். இம்மி பிசகல.”

உண்மைதான். இம்மி பிசகவில்லை. படமும் கையும் ஒரே நிறம். தலைமையாசிரியை இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

முதலாளியம்மாவும் தன் கையை நீட்டினார். நானும் நீட்டினேன். மெஷின்காரர் வேட்டியில் துடைத்துவிட்டு நீட்டினார். வெளிச்சத்தில் ஐந்து கைகள். நான்கு ஒரு மாதிரி. ஒன்று மட்டும் பழுத்த மாம்பழம்.

“அய்யோ, அண்ணனுக்குக் காமாலை!” என்று மெஷின்காரர் தலையில் கைவைத்தார். கைராசி தன் கையையே பார்த்துக்கொண்டு பேயறைந்தவர் போல நின்றார். ஊரில் பிறந்த குழந்தைக்கெல்லாம் மஞ்சள் கண்டுபிடித்த மனிதர்!

ஆட்டோ பிடித்து அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் அவர் கையை மடியில் வைத்து, நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு வந்தார். பொத்தானும் நூலுமாக அவர் மனைவி கடையிலிருந்து நேரே ஓடிவந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக, “சொத்தெல்லாம் போனாலும் பரவாயில்ல, நீங்க நல்லா இருந்தாப் போதும்” என்றார். சொத்து என்று அவர்களுக்கு இருந்தது அந்த ஸ்கூட்டர்தான்.

டாக்டரம்மா கையைப் பார்த்தார். பாதத்தைப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார். கீழிமையை இழுத்துக் கண்ணின் வெள்ளையைப் பார்த்தார். அது வெள்ளையாகவே இருந்தது.

“காமாலைன்னா முதல்ல கண்ணு மஞ்சளாகும். உங்களுக்குக் கண்ணு பளிச்சுன்னு இருக்கு. என்ன சாப்பிடறீங்க?”

கைராசி பதில் சொல்லுமுன் அவர் சட்டைப்பையிலிருந்து பதில் எட்டிப் பார்த்தது. டாக்டரம்மா அதை இரண்டு விரலால் உருவி மேசைமேல் வைத்தார்.

“இதுதானா! ஒரு நாளைக்கு எத்தனை?”

“எண்ணுறதில்லீங்க” என்றார் அவர் மனைவி. “மூட்டைதான்.”

டாக்டரம்மா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு விளக்கினார். கேரட்டுக்குள் இருக்கும் மஞ்சள் சத்தை உடம்பு வேண்டிய அளவுக்கு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. மங்கிய வெளிச்சத்தில் கண் தெரிவதற்கும், கண்ணின் மேற்பரப்பு காய்ந்துபோகாமல் இருப்பதற்கும், தோலுக்கும், நோயைத் தாக்குப்பிடிப்பதற்கும் அது கட்டாயம் வேண்டும். அது கிடைக்காத குழந்தைகள் பார்வையே இழப்பதும் உண்டு. “ஆனா வேண்டிய அளவு போக மிச்சம் இருக்கற மஞ்சள உடம்பு என்ன பண்ணும்? தோல்ல கொண்டு போய் ஒதுக்கி வைக்கும். உள்ளங்கையில நல்லாத் தெரியும். கெடுதல் இல்ல, நிறுத்தினா மெல்ல மெல்லப் போயிடும். இதே ஏ சத்த மாத்திரையா இப்படி அள்ளிப் போட்டிருந்தீங்கன்னா கதையே வேற, ஈரல் படுத்திருக்கும்.”

“பார்வை?” என்றார் கைராசி.

“உங்களுக்குச் சத்துக் குறைவே இல்லையே! வயசானா கண்ணுக்குள்ள இருக்கற வில்லை இறுகிப் போகும். கிட்டத்துல இருக்கறது தெரியாது. அதுக்கு எந்தக் காயும் கிடையாது. கண்ணாடிதான்.”

காத்திருக்கும் அறையில் எங்கள் பத்திரிகையின் அந்த இதழே கிடந்தது. அவர் மனைவி அதை எடுத்து, மூக்கு நுனிக் கண்ணாடியை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, சாம்பல் நிறக் கட்டத்தை உரக்கப் படிக்கத் தொடங்கினார். அளவுக்கு மீறிய கேரட் தோலை மஞ்சளாக்கும் என்று அதில் இருந்தது. வயதானால் வரும் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடியே தீர்வு என்றும் இருந்தது. பக்கத்தில் இருந்த நோயாளிகளெல்லாம் ஆர்வமாகக் கேட்டார்கள். கைராசி சுவரில் தொங்கிய நாட்காட்டியின் பச்சையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “கை தேற எத்தனை நாளாகும்னு சொன்னாங்க?” மாதக்கணக்கில்கூட ஆகலாம் என்றேன். “அதுக்குள்ள கருவி வந்துரும்” என்றார். அந்தக் குரலில் விளையாட்டே இல்லை.

மறுநாளே ஆண்டு மலரைத் திரும்ப ஓட்ட வேண்டியிருந்தது. முதலாளியம்மா கையைக் கட்டிக்கொண்டு விளக்குப் பெட்டியின் எதிரில் நின்றார். “கருவிக்காரர் சாயந்திரம் வர்றார், மாஸ்டர். அதுக்கு முன்னால நீங்க இதைச் சரியா ஓட்டிக் காட்டுனா பாக்கலாம்.”

என்ன ஏதென்று பார்க்க நானும் போயிருந்தேன். கைராசி தன் கையை உறைக்குள்ளேயே வைத்துவிட்டு அடுத்தவர் கைகளுக்கு அலைந்தார். மெஷின்காரரின் கையைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பு மை ரேகைக்கு ரேகை ஊறியிருந்தது. முதலாளியம்மாவின் கையைக் கேட்கத் துணிச்சல் வரவில்லை. நான் என் கையைப் பெருந்தன்மையோடு நீட்டினேன்.

“வேண்டாம் ஆசிரியரே. எழுதுறவங்க கையில ரத்தமே ஓடாது போல. நீலம் அடிக்குது.”

அப்போது சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அவர் மனைவி உள்ளே வந்தார். என்ன நடக்கிறது என்று கேட்குமுன் கைராசி அவருடைய இடது கையைப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். ஊசி குத்திய தழும்பும் சோப்புத்தூள் தின்ற ஓரமுமாக ஒரு கை. விரலை விரித்தார். குனிந்தார். இன்னும் குனிந்தார். தாள் கலங்கியது போலும்; நிமிர்ந்து, மனைவியின் மூக்கு நுனியிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டார். பூப்போட்ட ஊதாச் சட்டமிட்ட கண்ணாடி.

தாளைப் பார்த்ததும், “அடப்பாவி!” என்று கத்தினார். “தலைமையாசிரியம்மா மூக்குப் பக்கத்துல சிவப்பா இன்னொரு மூக்கு இருக்கே! மெஜந்தா விலகி ஓடுதுடா! எத்தனை நாளா இப்படி?”

“ரொம்ப நாளாவே அப்படித்தான் அண்ணே” என்றார் மெஷின்காரர் அடக்கமாக. “நீங்க ஒண்ணும் சொல்லல. அதான் அதுவும் ஒரு அழகு போலன்னு விட்டுட்டேன்.”

மூக்கை மூக்கின்மேல் ஏற்றினார்கள். பிறகு நிறத்துக்கு வந்தார்கள். மனைவியின் கை தாளின்மேல் கிடக்க, கைராசி தலையை ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார், கண்ணை மூடித் திறந்தார். “மஞ்சள இறக்கு. இன்னும் இறக்கு. இரு, இரு. இப்ப ஒரு தாள் எடு.” புதிய தாள் வந்தது. சீருடை நீலமாக இருந்தது. பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்தவர்கள் போல இருந்தார்கள். முதலாளியம்மா குனிந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். தாளின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

“ஓட்டுங்க” என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, “கருவிக்காரர இப்போதைக்கு வர வேண்டாம்னு சொல்லிடறேன். ஆனா அந்தக் கண்ணாடி மூக்கை விட்டு இறங்கக் கூடாது” என்றார்.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. “கைய விடுங்க, சோறு ஆறுது” என்றார் அந்த அம்மாள். கைராசி விடவில்லை. தன் இடது கையிலிருந்து சாம்பல் நிற உறையைக் கழற்றி, அவருடைய கையில் ஒவ்வொரு விரலாகப் பார்த்துப் பார்த்து மாட்டி, மணிக்கட்டில் பட்டையை இறுக்கிவிட்டார்.

“இது என்ன கூத்து? அப்ப பாத்திரம் யாரு கழுவுறது?”

கைராசி நின்றபடியே நாலு வாயில் சாப்பாட்டை முடித்தார். காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக் குழாயடிக்குப் போனார். ஊதாக் கண்ணாடி வழியாகப் பாத்திரத்தின் மூலை முடுக்கையெல்லாம் உற்றுப் பார்த்து, அந்த மஞ்சள் கையில் சோப்புத்தூளை அள்ளிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.